கிழங்கில்லாத விருந்து

மேசையின் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது. எலாடியோ அந்த இடத்தில் தக்காளி சாலட்டை நகர்த்தி வைத்துப் பார்த்தான். ஓரம் காலியாகிவிட்டது. சாலட்டை ஓரத்துக்குத் தள்ளினான். நடு மறுபடி காலியாகிவிட்டது. கடைசியில் பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்தான். கல்லறை மாதிரி இருந்தது. அதையும் எடுத்துவிட்டான்.

அந்த இடம் மரவள்ளிக்கிழங்குத் தட்டுக்குச் சொந்தமானது. பராகுவாரி என்ற அந்த ஊரில் விருந்தாளிக்குக் கறி வைக்க மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். கிழங்கு வைக்காத வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள். ஒன்று அந்த வீட்டுக்காரன் கஞ்சனாக இருக்க வேண்டும், அல்லது வந்தவரைப் பிடிக்காதவனாக இருக்க வேண்டும்.

வரப்போகிறவளோ சுனில்டா. எலாடியோவுக்கு அவளைப் பிடித்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு எதையும் பிடிக்காது.

பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்து வண்டிகளின் பெயர் சொல்கிறவள் அவள். எதிரே டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை அவனுடையது. "அசுன்சியோன் போகிற வண்டி இரண்டாவது மேடையில்" என்று அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டே, மனைவியை இழந்த அந்த மனிதன் ஐம்பத்து நான்காவது வயதில் காதலில் விழுந்தான். அவளும் கணவனை இழந்தவள். மாலையில் அவன் கடை வாசலில் உட்கார்ந்து தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிவிட்டுப் போவாள். இன்று அவளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். சாப்பாடு முடிந்ததும் கல்யாணப் பேச்சை எடுப்பதாகத் திட்டம்.

இடையில் நின்றது சர்க்கரை.

மூன்று மாதத்துக்கு முன் சுகாதார நிலையத்து டாக்டர் பெண் அவனை உட்கார வைத்து, கிழங்கு கூடாது, ரொட்டி கூடாது, சோளம் கூடாது, சோறு கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். எலாடியோ பிறந்ததிலிருந்து சாப்பிட்டுவந்த எல்லாமும் அதில் வந்துவிட்டன. "அப்ப நான் என்னத்தத் திங்கிறது?" என்று கேட்டான். "கறி, முட்டை, கீரை. அளவு இறங்கலைன்னா ஊசிதான்" என்றாள். நாளைக் காலை மறுபடி ரத்தம் கொடுக்கப் போக வேண்டும். இந்த மூன்று மாதமும் ஒரு துண்டுக் கிழங்கை அவன் தொட்டதில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை.

சுனில்டாவிடம் சொல்லிவிடலாம் என்று ஒருநாள் வாயைத் திறந்தான். அன்றைக்குப் பார்த்து அவள், "என் வீட்டுக்காரரைப் பாத்துக்கிட்டதே இந்த ஜென்மத்துக்குப் போதும் எலாடியோ. இன்னொரு நோயாளிக்குக் காவல் இருக்க என்னால ஆகாது" என்று சொல்லித் தொலைத்தாள். எலாடியோ திறந்த வாயில் தெரெரேவை ஊற்றி மூடிக்கொண்டான்.

ஆகவே இன்றைய விருந்து: இறைச்சி, வெங்காயம், தக்காளி, மேலே முட்டை. எளிய சாப்பாடுதான். மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளைக் கட்டையால் தட்டி, உப்பும் பூண்டும் தடவி, இரும்புச் சட்டியில் போட்டான். சுர்ரென்றது. கறி நிறம் மாறியதும் தக்காளியைப் போட்டு, வெங்காயத்தைக் குவித்தான். கிழங்கில்லாத குறையை வெங்காயத்தால் அடைக்கலாம் என்று நினைத்து இரண்டு மடங்கு போட்டதில் கறி கண்ணுக்கே தெரியாமல் போனது. கறியைத் தேடித் தோண்டியதில் தக்காளி குழைந்துவிட்டது. தக்காளிக் குழைவை மறைக்க முட்டைகளை உடைத்து ஊற்றினான். இரண்டு பேருக்கு எட்டு முட்டை. சட்டியைப் பார்த்தால் மஞ்சள் கண்களோடு ஒரு கூட்டமே அவனை முறைப்பது போலிருந்தது.

"எலாடியோ," என்று பக்கத்து வீட்டுத் தோமாசாவின் குரல் மதில் மேலிருந்து வந்தது. அந்த மதில் இடுப்பு உயரம்தான். தோமாசாவுக்கு அது ஜன்னல், வாசல், வானொலி எல்லாம். "கறி வாசனை தூக்குதே. கிழங்கு வேகுற வாசனையைக் காணோமே, தம்பி?"

"இந்த மாசத்துக் கிழங்கு சரியில்லக்கா. கட்டை மாதிரி கெடக்கு. வேகவே இல்ல. தூக்கிப் போட்டுட்டேன்."

"அடப் பாவமே," என்று சொல்லிவிட்டுத் தோமாசா மறைந்தாள்.

முதல் பொய் நல்லபடியாக முடிந்தது என்று எலாடியோ சட்டை மாற்றிக்கொண்டான். சுனில்டா நீலப் பாவாடை கட்டி, தலையை வாரிக் கொண்டை போட்டு வந்தாள். மேசையைப் பார்த்தாள். அவள் கண் நடுவில் போய் நின்றது.

"கிழங்கு இல்லீங்களா?"

"கெடைச்சது நல்லா இல்ல. அதான்..."

"கிழங்கு இல்லையா?" என்று அவள் இன்னொரு தரம் கேட்டாள். பஸ் நிலையத்தில் பதினைந்து வருஷம் கத்திய தொண்டை. மெதுவாகப் பேசினாலே மூன்றாவது மேடைக்குக் கேட்கும்.

அவன் பதில் சொல்வதற்குள் தோமாசா பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டாள். கையில் ஆவி பறக்கிற ஒரு தட்டு. வெள்ளை வெளேரென்று, பூப்போல மலர்ந்து வெந்த மரவள்ளிக்கிழங்கு.

"எங்கிட்ட நல்ல கிழங்கு இருந்துச்சு தம்பி. விருந்தாளிய வச்சுக்கிட்டு நீ தலை குனியலாமா?" என்று நடுவில் வைத்துவிட்டுப் போனாள். வெற்றிடம் சரியாக நிரம்பியது.

சுனில்டா தானே எடுத்து, அதிலிருந்த மூன்று துண்டையும் அவன் தட்டில் வைத்தாள். "சாப்பிடுங்க."

எலாடியோ கறியைச் சாப்பிட்டான். முட்டையைச் சாப்பிட்டான். கிழங்கைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டான்.

"என்னங்க, கிழங்கு பிடிக்காதா?"

"பிடிக்காமலா? சுடுது. ஆறட்டும்."

"என் வீட்டுக்காரருக்கும் கிழங்குன்னா உயிரு," என்றாள் சுனில்டா, அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே. "அவருக்குச் சர்க்கரை. உங்களுக்குச் சொல்லியிருக்கேனா? டாக்டர் முன்னாடி சரி சரின்னு தலையாட்டுவாரு. வீட்டுக்கு வந்தா தலையணைக்கு அடியில ரொட்டி இருக்கும். நான் அழுதேன், சண்ட போட்டேன், அலமாரியப் பூட்டி வச்சேன். ஒண்ணும் நடக்கல. கடைசியில ஒரு காலை எடுத்தாங்க. அப்புறம் அவரே போயிட்டாரு."

எலாடியோ வாயிலிருந்த கறியை மெல்லாமலே விழுங்கினான். எந்த நோய் என்று அவள் இதுவரை சொன்னதில்லை. உலகத்தில் எத்தனையோ நோய் இருக்கும்போது இந்த மனிதர் இதையா பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது.

"உங்களுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கீங்க," என்றாள் அவள். "சாப்பிடுங்க."

கல்லு மாதிரி இருப்பவன் கிழங்கை மறுக்க முடியாது. அவள் உப்பு எடுக்கத் திரும்பிய நேரத்தில் எலாடியோ மூன்று துண்டையும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கிழங்கு நிஜமாகவே சுட்டது. தொடையில் பட்டதும் துள்ளிவிட்டான்.

அவள் திரும்பி, காலித் தட்டைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. "ஆறிடுச்சா? ஏன் துள்ளுறீங்க?"

"பல்லு வலி. திடீர்னு குத்துது. இனிமே மென்னு திங்கிற மாதிரி எதுவும் வேணாம்."

"பல்வலியா?" என்று சுனில்டா கேட்டது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

மதில் தாண்டி வர தோமாசாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. "பல்லு வலின்னு காதுல விழுந்துச்சு. மெல்லவே வேணாம் தம்பி, வாயில வச்சாக் கரைஞ்சிடும்." சோளமாவும் சீஸும் வெங்காயமும் சேர்த்து மஞ்சளாகச் சுட்ட சோப்பா. சதுரம் சதுரமாக வெட்டி, நெய் பளபளக்க இருந்தது.

எலாடியோவுக்கு வாயில் நீர் ஊறியது. மூன்று மாதமாக அவன் கனவில் வந்துகொண்டிருந்த பண்டம் அது. இன்று நேரிலேயே வந்துவிட்டது. அதன் வாசனை அவன் மூக்கைப் பிடித்து இழுத்தது. ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் மிகவும் நியாயமாகப் பேசியது. எலாடியோ எதிரே இருந்த சுனில்டாவைப் பார்த்தான். இவளோடு கிழவனாக வேண்டும், அதுவும் இரண்டு காலோடு கிழவனாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். கைக்குட்டையை மடியில் விரித்தான்.

"அதோ பாருங்க, ஜன்னல்ல பல்லி," என்றான்.

அவள் பார்த்தாள். சோப்பா கைக்குட்டைக்குள் போய், கைக்குட்டை பூட்ஸுக்குள் போய்விட்டது.

"பல்லியக் காணோமே," என்று திரும்பியவள் மறுபடியும் காலித் தட்டைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவே இல்லை. "நல்ல பசி போல உங்களுக்கு."

பிடிக்காத எதையோ செய்துவிட்டோம் என்று எலாடியோவுக்குப் புரிந்தது. என்ன என்றுதான் புரியவில்லை. ஒருவேளை பேயாய் விழுங்குகிறான் என்று நினைக்கிறாளோ. நிதானமானவன் என்று காட்டிக்கொள்ள, வயிற்றைத் தடவிக்கொண்டு, "அவ்வளவுதாங்க. வயிறு ஒரு மாதிரி பண்ணுது. இனிமே தண்ணிகூட இறங்காது" என்றான்.

"வயித்து வலியா?" என்றாள் அவள். இம்முறை அவள் குரலில் பாதி பலம்தான் இருந்தது. ஆனாலும் அது தோமாசாவுக்குப் போதுமாக இருந்தது.

"வயித்துக்கு ம்பெஜூ மாதிரி இதம் எதுவும் கெடையாது," என்று சொல்லிக்கொண்டே வந்தாள் தோமாசா. கிழங்கு மாவும் சீஸும் பிசிறிக் கல்லில் வார்த்த ம்பெஜூ, முழு வட்டமாக, தோசை அகலத்துக்கு இருந்தது. பையில் இடமில்லை. பூட்ஸில் இடமில்லை. சுனில்டா தண்ணீர் ஜாடியை நிரப்ப எழுந்து போனபோது எலாடியோ கண்ணை மூடிக்கொண்டு அதைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டான்.

வாழ்க்கையில் அவன் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

"ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"இப்படி உக்காந்தாத்தான் எனக்குச் செரிக்கும்."

சுனில்டா ம்பெஜூ இருந்த தட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எலாடியோ இதுதான் சமயம் என்று நினைத்தான். இனிமேல் தாமதித்தால் நெஞ்சு வெந்துவிடும்.

"சுனில்டா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாம ரெண்டு பேரும்..."

"வேணாம் எலாடியோ," என்று அவள் எழுந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "எதையும் கேக்காதீங்க. நான் கிளம்புறேன்."

"கறி நல்லா இல்லையா? வெங்காயம் கூடிப்போச்சு, எனக்கே தெரியும்."

"கறி ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள் அவள், கதவருகில் நின்று. "அதை மட்டும் சாப்பிட்டிருக்கலாம்."

வாசல் கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. எலாடியோ நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். சட்டியில் மிச்சமிருந்த முட்டைகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவனுக்கு அழுகை வந்தது. அழுதால் ம்பெஜூ நழுவும் என்று அதையும் அடக்கிக்கொண்டான்.

அழுகை அடங்கியதும் கோபம் வந்தது. மூன்று தட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு மதிலுக்குப் போனான். தோமாசா அங்கேயே கன்னத்தில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்குக் கோடி புண்ணியம். இனிமே எனக்கு உதவி மட்டும் செஞ்சிடாதீங்க."

"ஏன் தம்பி? மூணும் பிடிச்சுத்தான தின்னே? தட்டெல்லாம் காலியா இருக்கே."

எலாடியோ தட்டுகளை மதில் மேல் வைத்தான். பையைக் கவிழ்த்தான். நசுங்கிய கிழங்கு மதில் மேல் விழுந்தது. பூட்ஸைக் கழற்றினான். சோப்பா கைக்குட்டையோடு வந்தது. சட்டைப் பொத்தானை அவிழ்த்து, நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்த ம்பெஜூவை உரித்து வைத்தான். தோல் சிவந்திருந்தது.

தோமாசா வாய் பிளந்து பார்த்தாள். "ஒரு வாய்கூடவா திங்கல?"

"ஒரு துணுக்குகூடத் திங்கல. எனக்குச் சர்க்கரை அக்கா. மூணு மாசமாச்சு. நாளைக்கு ரத்தம் பாக்கணும். அவங்கதான் இன்னொரு நோயாளி வேணாம்னு சொல்லிட்டாங்களே, அதான் மறைச்சேன். இல்லன்னா முதல்லயே வேணாம்னு சொல்லியிருப்பேன்." குரல் உடைந்தது. "ஊசிக்குப் பயந்துகிட்டு நான் திங்காம இருக்கல. அவங்களோட கொஞ்ச வருஷமாவது சேந்து இருக்கணும்னு ஆசை. அதுக்குத்தான் இவ்வளவும். இப்ப அதுவும் போச்சு. தயவுசெஞ்சு அவங்ககிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க."

தோமாசா மதில் மேலிருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தன் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"சுனில்டா, அழுதது போதும், வெளியே வா, சுகாதார நிலையத்துல நான் பாத்துட்டு வந்து சொன்ன இந்தச் சர்க்கரைக்காரனைச் சோதிக்க மத்தியானம் முழுக்க என் அடுப்புல நின்னு நீ செஞ்ச மூணும் இங்க மதில் மேல முழுசா இருக்கு."