இன்னா முறைங்க?

திருவண்ணாமலையில் மெதுவாகப் பேசத் தெரியாத ஒரே மனிதர் ஹலோதான். சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். மைக்செட் வாடகைக்கு விடுபவர். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மொய் எழுதும் இடத்தில் மைக்கைப் பிடித்து, யார் எவ்வளவு, என்ன முறை என்று ஊருக்கே அறிவிப்பதும் அவர்தான்.

மைக் இல்லாதபோதும் வாய் அதே வேலையைத்தான் செய்யும். டீக்கடையில், "வேங்கிக்கால் ஹலோ அவர்கள், டீ ஒண்ணு, சக்கரை கம்மி" என்பார். ஒரு சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர், கிளம்பும்போது, "அனைவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுச் செல்லுமாறு" என்று தொடங்கிவிட்டார். பாடை கட்டிக்கொண்டிருந்தவரே சிரித்துவிட்டாராம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆதிதிராவிடர் மாணவியர் விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்தேன். பதினான்கு பேர் இருந்தோம். பதினான்கு பேருக்கும் கணக்கு என்றால் காய்ச்சல். சாயங்கால டியூஷனுக்கு ஒரு வாத்தியார் சம்மதித்திருந்தார். அவருக்குச் சம்பளம் தர வழியில்லை. டியூஷன் இல்லையென்றால் பரீட்சையில் கோட்டை விடுவோம், அப்புறம் கடலைக் கொல்லையில் களையெடுக்கத்தான் போகவேண்டும். வார்டன் அம்மா ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கலைவிழா ஏற்பாடு செய்தார். நாங்கள் கோலாட்டம் ஆடுவது, ஊர்ப் பெரிய மனிதர்கள் நன்கொடை தருவது. மைக்செட் ஹலோவுடையது; தருவதாகச் சொன்னவர்களின் பட்டியலை வார்டன் அம்மா அவரிடம் முந்தின நாளே கொடுத்துவிட்டார்.

கோலாட்டம் முடிந்ததும் ஜவுளிக்கடைக்காரர் மேடையேறி நூற்றியொரு ரூபாயை நீட்டினார். ஹலோ மைக்கிலேயே கேட்டார்.

"இன்னா முறைங்க?"

எங்கள் தெருப் பக்கம் கால் வைக்காதவரிடம், எங்களுக்கு என்ன முறை என்று கேட்டால் என்ன சொல்வார்? மேடைக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு, வருகிற பணத்தையும் கெடுக்கிறாரே என்று கோபம் கோபமாக வந்தது.

"முறையெல்லாம் எதுக்குப்பா? சும்மா எழுதிக்க."

"முறை இல்லாத மொய் நான் சொன்னதே இல்லீங்க. பெரியப்பானு போட்டுடறேன்."

அத்தனை பேர் எதிரில் மாட்டேன் என்று மைக்கில் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டிவிட்டு இறங்கினார்.

அடுத்து கீழ்பென்னாத்தூர் ரைஸ்மில் முதலாளி. என் அப்பாவை வாசலிலேயே நிற்கவைத்துக் கூலி கொடுப்பவர். கையில் ஐம்பது ரூபாய். ஹலோ இந்தத் தடவை கேட்கக்கூட இல்லை.

"முதலாளி, பொண்ணுங்களுக்குத் தாய்மாமன்" என்று அறிவித்துவிட்டு, நோட்டைப் பார்த்தார். "தாய்மாமன் மொய் பெரியப்பாவோடதவிட கம்மியா இருந்தா நல்லா இருக்குங்களா?"

முதலாளி முறைத்தார். இறங்கிப் போய்விடுவார், டியூஷனும் போச்சு என்றே நினைத்தேன். முன்வரிசையிலிருந்து அவர் சம்சாரம், "குடுத்துடுங்களேன், எல்லாரும் பாக்கறாங்க" என்றார். ஐம்பது ஐந்நூறாயிற்று. அதன்பிறகு சித்தப்பாக்களும் மாமாக்களும் வரிசையில் நின்றார்கள். ஒரு வக்கீல், "நான் சித்தப்பா இல்லப்பா, பெரியப்பா. வயசப் பாரு" என்று திருத்தம் கேட்டு வாங்கினார்.

விழா முடிந்ததும் வார்டன் அம்மா ஹலோவைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, மைக்ல நிக்கவச்சு அந்தக் கேள்வியா கேப்ப?"

"பழக்கதோஷம்மா. மண்டபத்துல நின்னா வாய் தானா வருது" என்றார் ஹலோ.

நாற்காலிகளை அடுக்கும்போது அவர் விட்டுப்போன பட்டியல் என் கையில் கிடைத்தது. பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, மேலே 'முறை' என்று எழுதியிருந்தது. ஜவுளிக்கடை, பெரியப்பா. ரைஸ்மில், தாய்மாமன். விழாவுக்கு வராதவர்களுக்குக்கூட முறை தயாராக இருந்தது. கடைசியில் ஒரு வரி: 'மைக்செட்டுக்கு வாடகை வேண்டாம். ஹலோ, அண்ணன்.'

டியூஷன் நடந்தது. கணக்கில் நான் பாஸ். ரிசல்ட் வந்த அன்று முதலில் ஓடிப்போய்ச் சொன்னது என் அண்ணனிடம்தான்.