குடல் நல மேம்பாட்டுக் குழு

மனிதகுல வரலாற்றில் குடலுக்கு உரிய மரியாதையை முதன்முதலில் வழங்கிய பெருமை, வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு மாடியில் இயங்கும் காப்புறுதி அலுவலகத்தையே சாரும். முகாமையாளர் சண்முகலிங்கம் ஏதோவொரு ஹோட்டல் கருத்தரங்குக்குப் போய்வந்த மறுநாளே அங்கே 'குடல் நல மேம்பாட்டுக் குழு' உதயமாகிவிட்டது. தலைவர் அவர். உறுப்பினர்கள், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் இரண்டு பிரிவுத் தலைவர்கள். கூட்டறிக்கை எழுதுபவள் தாரிகா. எழுதுகிறவளுக்கு உறுப்புரிமை கிடையாது.

குடல்தான் இரண்டாவது மூளை என்று சண்முகலிங்கம் அறிவித்தார். முதலாவதைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மனச்சோர்வு, எரிச்சல், நித்திரையின்மை எல்லாம் குடலில்தான் பிறக்கின்றன என்று விளங்கியதும் நிர்வாகத்துக்குப் பெரிய நிம்மதி. வேலை கூடிப்போச்சு என்று முறையிட்டவர்களுக்குத் தயிர் சாப்பிடும்படி ஆலோசனை வழங்கப்பட்டது. லீவு கேட்ட கணக்குப் பிரிவுப் பைறோஸாவுக்கு நார்ச்சத்து பரிந்துரைக்கப்பட்டது. சுவரெங்கும் பச்சை எழுத்தில் ஒரே வாசகம்: 'குடல் பேசுகிறது, செவிகொடுப்போம்.'

இவ்வளவு சீரும் சிறப்புமாக எல்லாம் நடக்கையில், தாரிகாவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. எல்லாம் அந்த ஒரு மணியால் வந்த வினை. குழு கூடுவது தினமும் மதியம் ஒரு மணிக்கு. எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் அலுவலகம் அமைதியாக இருக்கும் என்பது தலைவரின் கண்டுபிடிப்பு. கூட்டம் முடிவதற்குள் அவளுடைய மேசைக்கு முன்னால் வாடிக்கையாளர்கள் வந்து நிற்பார்கள். தெஹிவளை வீட்டிலிருந்து அவள் கட்டிக்கொண்டு வரும் சோறும் பருப்பும் பெட்டிக்குள்ளேயே புளித்து, பஸ்ஸில் வீடு திரும்பும். புளித்த உணவு குடலுக்கு நல்லது என்று குழு ஏற்கெனவே தீர்மானம் நிறைவேற்றியிருந்ததால் அதிலும் குறைசொல்ல வழியில்லை.

எரிச்சல் தாங்காமல் அவள் போய்க் காட்டிய பொரளை டொக்டர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள்? நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் வயிற்றுப் புண் ஆறாது, ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டிவரும் என்றார் அவர். தாரிகா உண்மையிலேயே பயந்துபோனாள்.

மறுநாள் முகாமையாளரிடம் போய், கூட்டத்தை வேறு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டாள்.

"பாத்தீரோ," என்றார் சண்முகலிங்கம், மிகுந்த பரிவுடன். "உம்மட இந்த டென்ஷன் எல்லாம் குடலால வாறது. கட்டாயம் குழுவில கதைப்பம். ஒரு மணிக்கு வாரும்."

ஒரு மணிக்குக் கதைத்தார்கள். ஷோர்ட் ஈட்ஸ் என்னும் சிற்றுண்டி இல்லாமல் கொழும்பில் எந்தக் கூட்டம் நடந்திருக்கிறது? றோல்ஸும் பற்றிஸும் வந்தன, உறுப்பினர்களுக்கு மட்டும். குடலைக் குழந்தைபோல் நடத்தவேண்டும் என்று தலைவர் உருகிக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ நீண்ட உறுமல் ஒன்று எழுந்தது. தலைவர் பேச்சை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார்.

"ஆரின்ர போன் அது? மீட்டிங்கில சைலண்டில போடத் தெரியாதே?"

"போன் இல்லை சேர்," என்றாள் தாரிகா. "என்ர குடல். நீங்கள்தானே செவிகொடுக்கச் சொன்னனீங்கள்."

அவள் சாப்பாட்டுப் பெட்டியை அந்த மேசையிலேயே திறந்தாள். ஆறுதலாகச் சாப்பிட்டு, கை கழுவி வந்து, கூட்டறிக்கையை எழுதி முடித்தாள்: 'குடல் பேசியது. அனைவருக்கும் கேட்டது. உறுப்பினர்களின் வாயில் றோல்ஸ் இருந்தமையால் பதிலளிக்க இயலவில்லை.'