நனையாமல் வந்து சேர்ந்தேன்

பர்மிங்ஹாம்,
திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி சிரிலுக்கு,

அக்கா வினிஃபிரட் எழுதுவது. நான் நலம். வலது முழங்கால் சுமார். நீயும் உன் மனைவியும் சௌக்கியம்தானே? காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கால்வாயில் வீசி, துருப்பிடித்த சாமான்களை எல்லாம் இழுத்து வந்து குவிக்கிறாயே, கொட்டகையில் இன்னும் இடம் இருக்கிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெயித்துவிட்டேன்! போன மாதம் வாத்துக் கூட்டத்துக்கு வழிவிடப் போய் நான் சைக்கிளோடு தண்ணீரில் விழுந்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். அடுத்த முறை அக்காவையே காந்தம் போட்டு எடுப்பேன் என்று பெருமை வேறு. நீ சிரித்தாய், என் மகள் ஜானிஸ் சட்டமே போட்டுவிட்டாள். "இதோட ரெண்டாவது தடவைம்மா. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு நனையாம வந்து சேரு, நான் வாயே திறக்கல. ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் சைக்கிள் காயலான் கடைக்குப் போயிடும். அப்புறம் நீ பஸ்தான்" என்றாள்.

பஸ்ஸாம் பஸ்! திருகாணி ஆலைக்கு வேலைக்குப் போன காலமெல்லாம் இந்தக் கால்வாய்க் கரையில்தான் போய் வந்தேன். பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் கொடுத்தே என்னைக் கிழவி ஆக்கிவிடுகிறார்கள். கரையில் மட்டும்தான் நான் இன்னும் வினிஃபிரட். அது போனால் எனக்கு அழுகை வந்துவிடும், உண்மையாகச் சொல்கிறேன்.

ஆகவே நேற்று, கூடையில் ஜானிஸுக்குப் பிடித்த ரொட்டிப் புட்டிங்கை வைத்துக்கொண்டு கிளம்பினேன், மடைக்கதவுச் சரிவில் படகு இழுத்த குதிரைகள் வழுக்காமல் இருக்க அந்தக் காலத்தில் பதித்த செங்கல் வரம்புகள் இருக்கின்றனவே, குதிரைகள் போய்விட்டன, வரம்புகள் போகவில்லை, அவற்றின் மேல் ஏறி இறங்கியதில் என் பல்செட் தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டது, அதை வாய்க்குள் அடக்கிக்கொண்டு பழைய ஆலைச் சுவரைத் தாண்டினால் அங்கே தூண்டில் போட்டி, வரிசையாக ஆட்கள், ஒருவர் பாதை முழுக்கக் கம்பை நீட்டிக்கொண்டு, "நில்லுங்கம்மா, நில்லுங்க! மீன் மாட்டியிருக்கு!" என்று கத்தினார், நின்றேன், வந்தது என் சுண்டுவிரல் அளவு மீன். "இதுக்கா இவ்வளவு நீளக் கம்பு?" என்றேன். "மெதுவாப் பேசுங்க, அதுக்குக் கூச்சமா இருக்கும்" என்றார். அவரிடமிருந்து தப்பினால் அன்னம் ஒன்று நடுப்பாதையில் உட்கார்ந்துகொண்டு சீறியது. போன முறை மாதிரி ஓரம் ஒதுங்க நான் என்ன முட்டாளா? பாதிப் புட்டிங்கைத் தூக்கிப் போட்டேன். தின்றுவிட்டு நிமிர்ந்து பார்த்தது பார், ஜானிஸ்கூட என் புட்டிங்கை அப்படி மதித்ததில்லை.

கடைசிப் பாலம்தான் மிச்சம். அதன் அடியில் பாதை ஓராள் அகலம் என்பது உனக்குத் தெரியும். எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். பெயர் லெஸ்லியாம், பித்தளைக் குழாய்ப் பட்டறையில் இருந்தவராம். இருவரும் இறங்கினோம்.

"நீங்க முதல்ல வாங்க" என்றார்.

"ஐயோ, நீங்க வாங்க."

"கூடை வச்சிருக்கீங்க, நீங்கதான் முதல்ல."

"நீங்க மேடேறி வந்திருக்கீங்க. மூச்சு வாங்குது பாருங்க."

"மன்னிக்கணும், நீங்க போகாம நான் போகமாட்டேன்."

"நானும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன், நகரமாட்டேன்."

நம் ஊரில் இந்தப் பேச்சு எப்போது முடிந்திருக்கிறது? அங்கே நடந்ததை விவரித்தால் தாள் போதாது. ஒருவரையொருவர் நன்றாக மன்னித்துவிட்டுப் பிரிந்தோம். அங்கிருந்து நடந்தே போனேன். சாப்பாட்டுக்கு முன் நடந்தால் நன்றாகப் பசிக்கும்.

ஜானிஸ் வாசலிலேயே துண்டோடு நின்றாள். தொப்பியைப் பிழிந்து பார்த்தாள், பாவாடை ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், காலுறையைக் கிள்ளிப் பார்த்தாள். "என்னம்மா இது, சொட்டு ஈரம் இல்லாம வந்திருக்கே!" என்றாள். மருமகன் கைதட்டினார். எனக்கு வெட்கமே இல்லாமல் கண் கலங்கிவிட்டது. வறுத்த மாட்டிறைச்சியில் பெரிய துண்டு என் தட்டில்தான் விழுந்தது.

"தோத்துட்டேன்மா. சைக்கிள் உனக்குத்தான். எங்க நிறுத்தியிருக்கே?"

"பாலத்துக்கிட்ட."

"பூட்டினியா?"

"அதை யாராலயும் எடுத்துட்டுப் போக முடியாதுடி."

இனி என்னைக் கிண்டல் செய்ய உனக்கு வேறு காரணம்தான் தேட வேண்டும். உனக்கும் உன் மனைவிக்கும் சுகமும் நல்ல பசியும் கிடைக்க வேண்டும்.

அன்பு அக்கா,
வினிஃபிரட்

பி.கு.: வியாழக்கிழமை உன் காந்தத்தையும் நீளக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பாலத்துக்கு வா. ஜானிஸிடம் மூச்சு விடாதே. வழிவிடுவதற்காக நான் ஒரு அடி ஒதுங்கினேன், அவரும் ஒதுங்கினார், பிறகு இன்னும் ஒரு அடி. நாங்கள் இருவரும் கரையில் நின்றுவிட்டோம், சைக்கிள்கள் இரண்டும் தண்ணீருக்குள்ளே போய்விட்டன. லெஸ்லியும் வருவார், தேநீர் கொண்டு வருகிறாராம். எதை முதலில் தூக்குவது என்று மட்டும் எங்களைக் கேட்டுவிடாதே, பொழுது சாய்ந்துவிடும்.