புளிச்சாமியும் போலீஸ் ஜாடியும்

மதராஸ் பட்டணத்தில் மனிதர்களைவிடக் கிருமிகளிடம் அதிக மரியாதையாக நடந்துகொண்ட ஒரே ஆள் எங்கள் புளிச்சாமிதான். என்னை வாடா போடா என்பான். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தவற்றிடம் மட்டும், "எழுந்துட்டீங்களா? இன்னைக்கு எப்படி இருக்கீங்க?" என்று விசாரிப்பான்.

பெற்றோர் வைத்த பெயர் பழனிச்சாமி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு படிப்பில் நாங்கள் இருவரும் சேர்ந்திருந்தோம். கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகளைப் பிடித்துத் தொழிற்சாலை வேலைக்கு அமர்த்துவது எப்படி என்பதுதான் பாடம். சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட், சாராயத்தைக் காடியாக்கும் பாக்டீரியா, இப்படிப் போகும். காடி என்றால் வேறொன்றுமில்லை, இன்றைக்கு நாம் வினிகர் என்கிறோமே, அதுதான். எனக்கு வேறு எங்கும் இடம் கிடைக்காததால் அதில் சேர்ந்தேன். அவனோ பழனிக்கு மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டிக்கொண்டு சேர்ந்தவன். எதைக் கொடுத்தாலும் புளிக்க வைத்துவிடுவான் என்பதால், முதல் மாதமே பழனிச்சாமி புளிச்சாமியாகிவிட்டான்.

ஒருமுறை தியாகராய நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் மோர் வந்தது. புளிச்சாமி அதை உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தான். பிறகு பந்தி முழுவதும் கேட்கும்படி, "ரெண்டு வீட்டையும் சேர்த்திருக்கீங்க. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராதுங்க. சாயங்காலத்துக்குள்ள பிரிஞ்சுடுமுங்க!" என்றான்.

அவன் சொன்னது இரண்டு வீட்டு மோரை. எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா எச்சில் கையோடு எழுந்து நின்றார். பெண்ணின் அம்மாவுக்கு மயக்கம் வந்தது. நாங்கள் பின்வாசல் வழியாக ஓடினோம். வழியெல்லாம் புளிச்சாமி, "உண்மையைத்தானே சொன்னேன்?" என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தான்.

இன்னொரு சமயம் ஆய்வுக்கூடத்தில் குழாய்களைக் கதகதப்பாக வைத்திருக்கும் மின்சாரப் பெட்டி பழுதாகிவிட்டது. இவன் குழாய்களைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு டிராமில் ஏறிவிட்டான். மனித உடம்பின் சூடு அவற்றுக்கு மிகவும் பிடிக்குமாம். நெரிசலில் ஒரு குழாய் உடைந்தது. டிராம் லஸ்ஸை அடைந்தபோது அதில் டிரைவர், கண்டக்டர், நாங்கள் இருவர் ஆக நால்வரே மிச்சம்.

"இன்னா நைனா, செத்த எலிய மடியில கட்டிக்கினு வந்துகிறியா?" என்றார் கண்டக்டர், மூக்கைப் பிடித்தபடி.

"செத்தது இல்லீங்க. இப்பத்தான் சாகறாங்க," என்றான் புளிச்சாமி. அவன் கண் கலங்கியிருந்தது.

இப்படிப்பட்டவன் பட்டம் வாங்குவதற்கான ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம், கனிந்து வீணாகும் வாழைப்பழத்திலிருந்து காடி தயாரிப்பது. ஆய்வுக்கூடத்தில் இடம் போதவில்லை. அதனால் மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னாலிருந்த சந்தில், நாங்கள் குடியிருந்த மாடி அறைக்கே பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து பழத்தைக் கரைத்து ஊற்றினான். காடி நேரடியாக வந்துவிடாது. முதலில் ஈஸ்ட் பழத்தின் சர்க்கரையைச் சாராயமாக்க வேண்டும். அப்புறம்தான் பாக்டீரியா வந்து அந்தச் சாராயத்தைக் காடியாக்கும்.

அப்போது மதுவிலக்கு வந்த புதிது. போலீஸ்காரர்கள் தெருத் தெருவாக மூக்கை நீட்டிக்கொண்டு திரிந்த காலம். ஈஸ்ட் தன் வேலையை முடித்து, பாக்டீரியா இன்னும் தொடங்காமல் இருந்த ஒரு பிற்பகலில், எங்கள் அறை வாசலில் ஏட்டு ஒருவர் வந்து நின்றார்.

"இன்னாபா இது? சரக்கா?" என்றார் ஜாடியைக் காட்டி.

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கண்ணால் கெஞ்சினேன்.

"இன்னைக்குச் சரக்குதானுங்க," என்றான் புளிச்சாமி. "ஆனா இப்படியே நிக்காதுங்க. போய்ட்டே இருக்குதுங்க."

"எங்கபா போவுது?"

"காடிக்குப் போகுதுங்க. கொஞ்சம் பொறுத்து வந்தீங்கன்னா உங்களுக்கே ஒரு சீசா தரேனுங்க."

"போலீஸுக்கே லஞ்சமா? நட ஸ்டேஷனுக்கு!"

சத்தம் கேட்டு வீட்டுக்கார மாமா மேலே ஓடி வந்தார். "என் ஆத்துல சாராயமா! கபாலி கோயில் பக்கம் இனிமே எப்படிடா தலையைக் காட்டுவேன்? இவன் திரும்பி வந்தா படி ஏறப்படாது!" என்று பூணூலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

ஸ்டேஷனில் ஜாடியின் வாயை மூடி அரக்கு முத்திரை வைக்கப் போனார்கள். அதுவரை சாதுவாக இருந்த புளிச்சாமி பாய்ந்து ஜாடியைக் கட்டிக்கொண்டான்.

"மூடாதீங்க! மூச்சு முட்டிச் செத்துடுவாங்க!"

ஏட்டு பின்வாங்கினார். "யாருபா? உள்ள யார்னா கீறாங்களா?"

"கோடிக்கணக்கா இருக்காங்க!"

ஏட்டு தன் இரண்டு கான்ஸ்டபிள்களையும் பார்த்தார். அவர்கள் ஏற்கெனவே வாசலில் இருந்தார்கள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஜாடியின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்தார்கள். சட்டத்துக்கு முத்திரை, பாக்டீரியாவுக்குக் காற்று.

பேராசிரியர் வந்து அவனை ஜாமீனில் எடுத்தார். வழக்கில் குற்றம் நிரூபணமானால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். மாமாவின் காலில் விழாத குறையாக நான் கெஞ்சியதில், தீர்ப்பு வரும்வரை படி ஏற அனுமதி கிடைத்தது. புளிச்சாமி சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"பயமா இருக்காடா?" என்று கேட்டேன்.

"இருக்குதுடா. ஏட்டு ஜாடியை ஆட்டிடுவாரு."

மறுநாளிலிருந்து தினமும் ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தான். லாக்கப்புக்குப் பக்கத்தில் பலகை மேல் ஜாடி இருந்தது. துணி வழியே உற்றுப் பார்ப்பான். காடி ஆகும்போது மேலே பாலாடை போல ஓர் ஏடு படியும். அது கலைந்தால் எல்லாம் பாழ். "ஏட்டய்யா, ஏடு கலையாமப் பார்த்துக்குங்க!" என்று கெஞ்சிவிட்டு வருவான். முதலில் விரட்டிய ஏட்டு, கொஞ்ச நாளில் அவன் தலையைக் கண்டதுமே, "வா நைனா, இன்னிக்கு நல்லா கட்டிக்கினு கீது. பக்கத்துல யாரையும் தும்மக்கூட வுடல," என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

விசாரணை நாளும் வந்தது. எங்கள் வக்கீல் அவனிடம், "எது கேட்டாலும் காடி என்று மட்டும் சொல்," என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சர்க்கார் வக்கீல் எழுந்து, "ஜாடியைப் பறிமுதல் செய்த அன்று இதில் மது இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்ததுங்க," என்றான் புளிச்சாமி. எங்கள் வக்கீல் வழக்குக் காகிதக் கட்டை மூடி வைத்துவிட்டார்.

மாஜிஸ்திரேட் முத்திரையை உடைக்கச் சொன்னார். துணியை எடுத்ததும் எழுந்த நெடியில் முன் வரிசை முழுவதும் கண்ணைக் கசக்கியது. அவர் குனிந்து முகர்ந்தார்.

"இதில் மது வாடையே இல்லையே. இருந்த மது எங்கே போயிற்று?"

"ஸ்டேஷன்லதானுங்க போச்சு."

கோர்ட் அதிர்ந்தது. சாட்சிக் கூண்டிலிருந்து ஏட்டு அலறினார். "ஐயோ எசமான்! என் கொயந்தைங்க மேல சத்தியமா ஒரு சொட்டுகூடத் தொடல!"

"ஏட்டய்யா மேல தப்பில்லீங்க," என்று பதறினான் புளிச்சாமி. "பெத்த தாய் மாதிரி பார்த்துக்கிட்டாருங்க. குடிச்சது இவங்க." ஜாடியின் மேலே படர்ந்திருந்த ஏட்டைக் காட்டினான். காட்டியவன் அதோடு நிற்கவில்லை. பாக்டீரியா சாராயத்தை எப்படிக் காடியாக்குகிறது என்று ஆதியோடந்தமாக விளக்க ஆரம்பித்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றாத அளவுக்கு முகமெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மாஜிஸ்திரேட் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் பிழிந்த எலுமிச்சம்பழம்போல் சுருங்கி, மெதுவாக விரிந்தது.

"குடித்தவர்கள் கோடிக்கணக்கானவர்கள் என்றால் அவர்களை அடைக்க மாகாணத்தில் சிறை கிடையாது," என்றார். "வழக்கு தள்ளுபடி. ஜாடியை அந்தப் பையனிடம் கொடுங்கள்."

அந்த வருஷம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் யார் தயாரித்ததைவிடவும் ஸ்டேஷனில் விளைந்த காடிதான் உயர்ந்ததாக இருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தில் ஏட்டுக்கு நன்றி தெரிவித்திருந்தான் புளிச்சாமி. பேராசிரியர் அந்த வரியை அடித்தார். இவன் மறுபடி டைப் அடித்தான். மூன்றாவது தடவை பேராசிரியர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். வீட்டுக்கார மாமாவும், "தள்ளுபடி ஆயிடுத்தோ? சரி, இருந்து தொலை," என்று அனுமதி கொடுத்தார்.

படிப்பு முடிந்ததும் அவனுக்குப் பம்பாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஜாடியோடு ரயில் ஏறிவிட்டான். அவன் இடத்துக்கு ஒரு குமாஸ்தா குடிவந்தார். பரம சாது. வேட்டி கசங்காமல் போவார், கசங்காமல் வருவார். சத்தம் கிடையாது, வாடை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மாடிக்கு வந்து, முன்பு ஜாடி இருந்த மூலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்டா அம்பி, இவர் ஒண்ணுமே பண்ண மாட்டாரோ?"

"மாட்டார் மாமா."

"ஹும்." இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "லீவு கிடைச்சா அவனை இங்கே வந்து தங்கச் சொல்லேன். வாடை அடிச்சா அடிச்சுட்டுப் போறது."

அதைத்தான் நானும் சொல்ல நினைத்துக்கொண்டிருந்தேன்.