மலைதாண்டியும் ஒன்பதாவது குழியும்

கோல்ப் மட்டையைத் தொடக்கூடாது என்று அரசாங்கம் யாருக்காவது தடை போடுவதாக இருந்தால், முதல் தடையை எங்கள் மலைதாண்டிக்குத்தான் போட வேண்டும். இதை நிதானமாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

போடிமெட்டுக்கு மேலே பழைய எஸ்டேட் ஒன்றில் ஒன்பது குழி கோல்ப் மைதானம் இருக்கிறது. துரைமார் ஆடிய இடத்தில் இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் போடி ஏலக்காய் வியாபாரிகள் தொப்பையும் தொப்பியுமாக ஆடுகிறோம். குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளுகிறவன் ஜெயித்தான், அவ்வளவுதான் ஆட்டம். இதில் என் வழி பதனமான வழி. பள்ளம் வந்தால் சுற்றிப் போ. ஒரு அடி கூடினாலும் பரவாயில்லை, பந்து பத்திரமாக இருக்கும்.

மலைதாண்டிக்கு அதெல்லாம் ஆகாது. எதிரே மரம் இருந்தால் மரத்துக்கு மேலே, பள்ளம் இருந்தால் பள்ளத்துக்கு மேலே, பனி மூடி ஒன்றுமே தெரியாவிட்டால் பனிக்கு மேலே ஓங்கி ஒரு அடி. போடியில் ஜீப்பு ஒர்க் ஷாப்பு வைத்திருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பத்துப் பந்தில் ஒன்பது காட்டுக்குள் போகும். தாண்டிய அந்த ஒன்றைப் பற்றி வருசம் பூராவும் ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

காடு என்றால் ஏலக்காடு. ஏலச்செடிக்குக் காய் உச்சியில் கிடையாது. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையிலேயே படர்ந்து கிடக்கும். பூவும் காயும் அதில்தான். பார்க்காமல் ஒரு கால் வைத்தால் போச்சு. அதனால் எங்கள் கிளப்பில் ஒரு கட்டளை: ஏலக்காட்டில் விழுந்த பந்தைத் தேடி எவனும் இறங்கக்கூடாது. விழுந்ததென்றால் அந்தக் குழி தோல்வி.

அப்படி இவர் தொலைத்த பந்து ஒன்று, காய் எடுக்கிற பெண்களின் கூடையில் பச்சைக்காயோடு ஏறி, காய் உலர்த்துகிற ஸ்டோர் சூட்டில் காய்ந்து, மூட்டைக்குள் புகுந்து, கடைசியில் என் கடைக்கே வந்து சேர்ந்தது. ஏலக்காய்க்குப் பருமனைப் பார்த்துத்தான் விலை. மூட்டையைக் கொட்டியதும் வடநாட்டு வியாபாரி பந்தை எடுத்து உருட்டிப் பார்த்து, “சேட்டு, இது எத்தனை எம்.எம்.?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கடைப் பையன்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். நான் சேட்டாம்!

நேரே ஒர்க் ஷாப்புக்குப் போய்ப் பந்தை அவர் முன்னால் எறிந்தேன். மலைதாண்டி அதை எடுத்து மோந்து பார்த்தார்.

“அடேயப்பா! என்னா வாசம் அப்பு! இதை நான் அடிக்க மாட்டேன், பாயசத்துல போடப்போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு அவர் ஜீப்பில்தான் போவோம். இந்த மனிதர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். போடிமெட்டு வளைவு ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்து, எட்டிப் பார்த்து, சாமி கும்பிட்டுத் திரும்புவார். தோட்டத்து ஆட்களை ஏற்றிய லோடு ஜீப்பெல்லாம் திட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போகும். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்ணே, ரோட்டுல இம்புட்டுப் பயந்து சாகுறீரே, மைதானத்துல மட்டும் எங்கேருந்துய்யா வருது அந்த வீராப்பு?”

“கூறு இருக்கா ஒனக்கு? இங்க தப்புனா ஆளு போயிரும். அங்க தப்புனா பந்துதானே போகும்?”

பந்துதானாம். எனக்கு அது பந்தா? கிளப்பு ஹாலில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. வருசா வருசம் ஜோடி ஆட்டத்தில் ஜெயித்தவர்கள் பெயரை அதில் எழுதுவார்கள். என் மச்சினன் பெயர் இரண்டு முறை இருக்கிறது. காதுகுத்து, கல்யாணம், கருமாதி எதுவானாலும் பந்தியில் என் எதிரே உட்கார்ந்து, “மச்சான் பேரு இன்னும் ஏறலைல்ல?” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டு கேட்பான். சாவதற்குள் ஒரு தடவை என் பெயர் அந்தப் பலகையில் ஏற வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

ஜோடி ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். என் ஜோடி யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா? வேறு யாரும் சேர்த்துக்கொள்ளாததால் அவரை என் தலையில் கட்டினார்கள். வருசா வருசம் நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை ஒரே வீச்சில் காட்டுக்குள் அனுப்புவார். நான் கத்துவேன். அவர் சிரிப்பார்.

போன வருசம் எப்படியோ கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரே மச்சினன் ஜோடி. எட்டுக் குழி முடிந்து சமம். ஒன்பதாவது குழி எதிர்ச் சரிவில். நடுவே பள்ளம் முழுக்க ஏலக்காடு. மச்சினன் ஜோடி முதலில் ஆடிச் சுற்றி வந்தது. கடைசியில் அவன் தள்ளிய பந்து குழியைத் தாண்டி ஓடி, ஆறு அடியாகிவிட்டது. நாங்கள் சுற்றிப் போய் ஐந்தில் முடித்தால் கப்பு எங்களுக்கு.

முதல் அடி மலைதாண்டியுடையது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, ஒங்க கால்ல வேணா விழுறேன். இன்னைக்கு ஒரு நாள் பதனமா அடிங்க. சுத்திப் போவோம்.”

என் முகத்தையே பார்த்தார். “சரி அப்பு” என்றார்.

மனுசனுக்கு மெதுவாக அடித்துப் பழக்கமே இல்லையே! குழந்தையைத் தட்டுவது போலத் தட்டினார். பந்து நாலு முழம் உருண்டு, பள்ளத்தின் விளிம்பில் புல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. புல்லை விட்டு வெளியே எடுக்கவே ஒரு அடி போகும், இனிச் சுற்றினால் ஏழு ஆகும். நேரே தாண்டினால்தான் உண்டு. அடிக்க வேண்டியது நான்.

எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. “எத்தனை வருசமாக் கத்துறேன், ஒரு நாள் கேட்டீரா? இன்னைக்குன்னு பாத்து எதுக்குய்யா எம் பேச்சைக் கேட்டீரு?”

“நீ அழுதுருவ போல இருந்துச்சு அப்பு. எனக்கு மனசு கேக்கலை.”

இருந்த ஆத்திரத்தையெல்லாம் மட்டையில் ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தேன். கண்ணைத் திறந்தால் பந்து ஏலக்காட்டுக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. தாண்டிவிட்டது! எதிர்ச் சரிவில் விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, நின்றது. அப்புறம் அவசரமே இல்லாமல் பின்னால் உருள ஆரம்பித்து, சரிவில் இறங்கி, செடிக்குள் போய்விட்டது.

மச்சினன் கைதட்டினான். மலைதாண்டியோ என்னை அப்படியே கட்டித் தூக்கிவிட்டார்.

“தாண்டிருச்சு அப்பு! தாண்டிருச்சு!”

“எறக்கிவிடுய்யா! திரும்பி உள்ள போயிருச்சு, பாக்கலையா?”

“அது பந்தோட இஷ்டம். நீ தாண்டுனியா இல்லையா?”

அன்று மைதானத்தில் இருந்த எல்லாரிடமும், கப்பு வாங்கிய மச்சினனிடம்கூட, நான் தாண்டியதைக் கையை விரித்து விரித்துச் சொன்னார். தன் ஒர்க் ஷாப்பில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவதாகச் சொன்னார். எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது.

மச்சினன் என்னைத் தனியே ஓரமாகக் கூட்டிப்போனான். “மச்சான், ஒங்க ஆட்டத்துல ஒரு குத்தமும் இல்ல. அடுத்த வருசம் அந்தக் கிறுக்கனைக் கழட்டிவிட்டுட்டு எங்கூடச் சேந்துக்கங்க. ஒங்க பேரு பலகையில ஏறுறதுக்கு நானாச்சு.”

எனக்கு வந்ததே கோபம்! “யாரைடா கிறுக்கன்கிற? ஒம் பலகையத் தூக்கி அடுப்புல வையி. அவரு எஞ் சோடிடா மாப்ளே, அவரோட சேந்து நான் எத்தனை வருசம் தோத்தா ஒனக்கென்ன?” என்றேன்.