கொரியாக்காரர்கள் கட்டவேண்டிய குளியலறை

“நம்ம குளிக்கிற எடத்தையா போட்டோ புடிச்சு அனுப்ச்சிட்டு வந்துக்கீற?”

கன்னியப்பன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. பிசையவும் இல்லை.

“பாஸ்டரையாதான் புடிச்சாரு. நான் எடத்தைக் காமிச்சேன், அவ்ளோதான்” என்றாள் பொன்னியம்மா. “கொரியாவுலேர்ந்து எட்டு பேர் வர்றாங்களாம். ஒரு வாரம் இங்கியே தங்கி, இல்லாதவங்க ஊட்டுக்கு இன்னா வேணுமோ கட்டிக் குடுப்பாங்களாம். மொத ஊடு நம்ம ஊடு.”

“நம்ம இன்னா வேதக்காரங்களா?”

“சாமி வேற, செவுரு வேறன்னு அவரே சொல்லிட்டாரு.”

செவுரு என்றதும் கன்னியப்பன் சோற்றைப் பிசையத் தொடங்கினான். மேனாம்பேட்டில் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்ததைக் குளியலறை என்று சொல்வது வெறும் மரியாதைக்கு. நான்கு சவுக்குக் கம்பு, அதைச் சுற்றி ஒரு ஃபிளெக்ஸ் பேனர். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அடித்த பேனர். தாய்மாமன்கள், சித்தப்பாக்கள், சித்தப்பாக்களின் நண்பர்கள் என்று ஒரு கூட்டமே கும்பிட்ட கையோடு உள்பக்கம் பார்த்து நின்றது.

“அத்தினி ஆம்பளைங்க கும்பிட்டுகினு பாக்கறானுங்க, நடுவுல நான் குளிக்கிறேன். வெளிய பாக்குற மாதிரி திருப்பிக் கட்டுய்யான்னேன். கேட்டியா?”

“வெயில்ல சாயம் போயிடும்டி.”

“போவட்டுமே! உங்க மாமனா, மச்சானா?”

கன்னியப்பன் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவன். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்குக் கம்பி கட்டியவர்களில் அவனும் ஒருவன். மாடிக்கு மாடி வரிசையாகக் குளியலறை. ஆறு நாள் அடுத்தவன் கட்டடத்தில் முதுகை ஒடித்தவனுக்கு, ஏழாம் நாள் தன் வீட்டைப் பார்த்தாலே கை வலிக்கும். வர்ற மாசம் கட்டலாம் என்று பொன்னியம்மாவிடம் அவன் சொல்லத் தொடங்கிய காலத்தில் பிறந்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

“இந்த தபா மழைக்குள்ள செவுரு வர்ல, நான் ஆவடிக்கு எங்க அக்கா ஊட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்” என்றாள்.

அவள் போகிறேன் என்றதைவிட, அந்நிய நாட்டான் வந்து தன் பெண்டாட்டி குளிக்கச் சுவர் எடுப்பதும், கம்பி கட்டுகிறவன் தான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதும்தான் கன்னியப்பனைக் குடைந்தது. ‘கட்டட்டும். ஆனா இந்தப் பேனரை நேர்ல பாக்கக் கூடாது’ என்று முடிவு செய்தான். அவிழ்த்துச் சுருட்டினான்.

பேனர் போனதும் குளிக்க இடம் இல்லை. கொரியாக்காரர்கள் வருவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுவரைக்கும் இடுப்பளவுக்கு ஒரு மறைப்பு வைக்கலாம் என்று, சைட்டில் மீந்த செங்கல்லைக் கேட்டு வாங்கிவந்தான். கொத்தனார் தமிழரசுவைக் கூப்பிட்டான்.

“இடுப்பு வரைக்கும் போதும் மாமே. மேல கொரியாக்காரன் ஏத்திப்பான்.”

தமிழரசு கரணையைத் தரையில் வைத்துவிட்டான்.

“இன்னா மாமே பேசுற? கீழ என் கல்லு, மேல அவன் கல்லா? நாளைக்குக் கோணலா நின்னா, தமிழரசு கட்டுன செவுருன்னுதான் ஊர் பேசும்.”

சுவர் தலைக்கு மேலே போனது. சுவர் வந்ததும் கதவில்லாமல் அசிங்கமாக இருந்தது. கதவு வந்தது. கதவைப் பார்த்த பொன்னியம்மா மேலே வானம் தெரிகிறதே என்றாள். ஷீட் வந்தது. தரையில் சிமெண்டு வழுக்குகிறது என்றாள். எங்கோ மிச்சப்பட்ட டைல்ஸ், நீலத்தில் பாதி, பச்சையில் பாதி, அதுவும் வந்தது; தரைக்குப் போக மீந்தது வெளிச்சுவரில் ஏறியது. குழாயும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தால், அந்தச் சந்திலேயே நல்ல குளியலறை கன்னியப்பனுடையதுதான்.

அப்போதுதான் பாஸ்டர் ஞானசேகரன் ஆராதனை முடித்து வந்தார். பார்த்தார். வெள்ளைச் சட்டையோடு துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“கன்னியப்பன், என்ன காரியம் செஞ்சீங்க?”

“குளியல் ரூம்புங்க ஐயா.”

“அது தெரியுது. நாளைக்குக் காலையில எட்டு பேர் வந்து நிப்பாங்க. எதைக் கட்டச் சொல்றது?”

“வேற ஊட்ல ஏதாச்சும்…”

“உங்க வீட்டு போட்டோவைப் பார்த்துத்தான் கண் கலங்கி டிக்கெட் எடுத்திருக்காங்க. பொய் சொல்லி வரவழைச்சேன்னு நினைப்பாங்க. அடுத்த வருஷம் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாங்களா? பின் தெருவுக்கு அடுத்த வருஷம்னு சொல்லியிருக்கேன். அதுல முதல் வீடு யாரோடது தெரியுமா? உங்க தங்கச்சி எழிலரசி வீடு.”

கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. எழிலரசிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் வயதுக்கு வந்தாயிற்று. அங்கே பேனர்கூட இல்லை, பழைய புடவைதான்.

“இடிச்சிடவா?”

“யார்றா இடிக்கிறது?” கொல்லையில் காலை நீட்டியிருந்த தமிழரசு எழுந்தான். “இட்ச்சா என் மேல இடி!”

கடைசியில் சுருட்டி வைத்த பேனர் வெளியே வந்தது. புதுச் சுவரைச் சுற்றி, ஷீட்டையும் சேர்த்து மூடிக் கட்டினார்கள். வந்தவர்களுக்குப் போட்டோவில் பார்த்த பேனரைக் காட்டிவிட்டு, வேறு வீட்டுக்குத் திருப்பிவிடலாம் என்பது பாஸ்டரின் கணக்கு. இந்த முறை மாமன்கள் வெளியே பார்த்தார்கள்.

மறுநாள் வேன் வந்தது. முதலில் இறங்கியவர் டிரைவர் சுலைமான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியா கம்பெனி ஆபீசர்களுக்கு வண்டி ஓட்டி, அவர்கள் பேச்சைக் காதாலேயே பிடித்தவர். இந்த வாரத்துக்கு மட்டும் பாஸ்டர் அமர்த்தியிருந்தார். பின்னால் எட்டுப் பேர். தலைவி கிம் அம்மா, நரைத்த கிராப்புத் தலை, எதற்கெடுத்தாலும் இடுப்பை வளைத்து ஒரு வணக்கம்.

கன்னியப்பன் எல்லோருக்கும் கை கொடுத்தான். கொடுத்த கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவன் தொட்ட கைகளில் ஒன்றில்கூடக் காய்ப்பு இல்லை.

“பாய், இவங்க கொத்து வேலை பாக்குறவங்கதானே?”

“ஒருத்தர் பல் டாக்டர் அண்ணாத்தே. ரெண்டு பேர் டீச்சர். அந்த குண்டுப் பையன் கேக் செய்யுறவன்.”

கேக் செய்கிறவன் எப்படிச் சுவர் எடுப்பான் என்று கன்னியப்பன் யோசித்துக்கொண்டே கொல்லைக்கு நடந்தான். பேனரைப் பார்த்ததும் கிம் அம்மா நெஞ்சில் கை வைத்தார். பாஸ்டர் உருக்கமாகத் தொடங்கினார்.

“இந்த ஏழைக் குடும்பம் பல வருஷமா…”

காற்று அடித்தது. ஒரு பக்கம் கயிறு விட்டது. மாமன்களும் சித்தப்பாக்களும் மொத்தமாகக் கும்பிட்டபடி பக்கத்து வீட்டுப் பானுப்பிரியாவின் முருங்கை மரத்துக்குப் பறந்து போனார்கள். நீலமும் பச்சையுமாக டைல்ஸ் பளபளத்தது.

பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தில் இறங்கிவிட்டார்.

கிம் அம்மா கதவைத் திறந்தார், மூடினார். குழாயைத் திருகினார். பிறகு கைதட்டினார். எட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

“இன்னா பாய், கோவமா?”

“ரொம்ப நல்லாக்கீதுன்றாங்க.”

“அதான் எனக்குப் பயமாக்கீது.”

பாஸ்டர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, ஆட்களைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போனார். பானுப்பிரியாவின் வீட்டுக்கூரை பல மழையாக ஒழுகுகிறது. போய்ப் பார்த்தால், கூரை மேல் புது ஷீட்.

“ஏம்மா, உன் கூரை ஒழுகுமே!” பாஸ்டர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“ஒழுகுச்சு ஐயா. அந்நிய மனுசங்க வந்து உக்கார்ற நேரம் மேல சொட்டுச்சுன்னா நல்லாவா கீது? எங்க ஊட்டுக்காரரை ரெண்டு நாள் சோறு போடாம உக்கார வெச்சேன். மூணாம் நாள் ஏறிட்டாரு.”

அடுத்த வீட்டில் சாக்கடை மூடியாயிற்று. அதற்கடுத்த வீட்டில் படிக்கட்டு. எதிர் வீட்டில் விரிசல் விட்ட சுவரைப் பூசி, சுண்ணாம்பும் அடித்து, வாசலில் கோலத்தில் ‘வெல்கம்’ என்று வேறு எழுதியிருந்தார்கள். வாரம் முழுக்க இதே கூத்து. காலையில் பாஸ்டர் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போவார். அந்த வீட்டுக்காரர் ஈரம் காயாத கையோடு வந்து கும்பிடுவார். எட்டுப் பேரும் கைதட்டுவார்கள். மதியம் அந்த வீட்டில் சாப்பாடு. சாயங்காலம் பிள்ளைகளோடு பாட்டு, பந்து. பல் டாக்டர் சின்ன வெங்காயம் உரிக்கக் கற்றுக்கொண்டார். கேக் செய்கிறவன் பொன்னியம்மாவிடம் வடகறி கற்றுக்கொண்டான்.

கன்னியப்பன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே திரிந்தான். வேலை இல்லாத ஆளுக்கு முகத்தில் எரிச்சல் வரும். சைட்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான். இவர்களுக்கு நாளுக்கு நாள் சிரிப்பு கூடியது. ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ குசுகுசுத்துக்கொள்கிறார்கள், தோளில் தட்டிக்கொள்கிறார்கள். அது என்னவென்றுதான் பிடிபடவில்லை. ‘நம்மள நக்கல் பண்றாங்களா? ஊருக்குப் போய் மேனாம்பேட்டுக்காரன் மோசக்காரன்னு சொல்லப் போறாங்களா?’

வெள்ளிக்கிழமை தாங்காமல் கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டு வாசற்படியைத் தானே உடைத்தான்.

“யோவ், புத்தி கித்தி கெட்டுப்போச்சா?” பொன்னியம்மா ஓடி வந்தாள்.

“ஏதாச்சும் ஒண்ணு கட்டிட்டுப் போவட்டும்டி. எழிலரசிக்கோசரம்.”

கிம் அம்மாவை இழுத்துவந்து கரணையைக் கையில் கொடுத்தான். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். குனிந்து சிமெண்டைத் தொடுவதற்குள் தமிழரசு எங்கிருந்தோ பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டான்.

“விருந்தாளி கையில கரணையா? மானம் போவுது மாமே, தள்ளு!”

பானுப்பிரியாவின் புருஷன் மணல் சலித்தான். எதிர் வீட்டுக்காரன் செங்கல் எடுத்துக் கொடுத்தான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பழையதைவிட நல்ல படி எழுந்தது. எட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை வேன் கிளம்ப நின்றது. தெருவே கூடியிருந்தது. பின் தெருவிலிருந்து எழிலரசியும் பெரிய பெண்ணோடு வந்து ஓரமாக நின்றாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதுதான் கன்னியப்பனைத் தள்ளியது. நேரே போய்க் கிம் அம்மா முன்னால் கை கட்டி நின்றான்.

“பாய், நான் சொல்றதை அப்டியே சொல்லு. மொத தப்பு என்னுதுதான். வெக்கப்பட்டுகினு நான் கட்டப்போவ, என்னைப் பாத்துத் தெருவே கட்டிச்சு. இவங்க வந்த வேலை கெட்டுப்போச்சு. பாஸ்டரையா மேல குத்தம் இல்ல. பின் தெருவுல நெசமாவே கஷ்டம். என் தங்கச்சி கீறா, வயசுப் பொண்ணு கீது. அடுத்த வருஷம் கண்டிப்பா வந்து கட்டித் தரணும்னு சொல்லு. அந்த தபா ஒருத்தனையும் கல்லுல கை வெக்க வுடமாட்டேன்.”

சுலைமான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். கிம் அம்மாவுக்குச் சிரிப்பு பொங்கியது. கன்னியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, எழிலரசியைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்து, நெடுநேரம் பேசினார். கேட்கக் கேட்க சுலைமானின் வாய் திறந்துகொண்டே போனது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

“இன்னா பாய்? வருவாங்களா, மாட்டாங்களா?”

“வருவாங்களாம் அண்ணாத்தே, இன்னிக்கே பின் தெருவுல சொல்லிடச் சொல்றாங்க. ஆனா எத்தினியோ வருஷமா, எத்தினியோ நாட்டுல இவங்க ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டதில்லியாம். ‘நாங்க வந்து கட்டித் தர்றோம்’னு முன்னாடியே சொல்லிட்டு, ஊட்டுக்காரன் வெக்கப்பட்டுகினு அவனே கட்டி முடிச்சதும் வந்து சாப்ட்டுட்டுப் போறதுதான் இவங்க வேலையே!”