ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்

புது சிஸ்டம் ஏற்றும்போது, எழுபத்தொரு சதவீதத்தில் மூன்றாவது முறையாகப் படுத்துக்கொண்டது கம்ப்யூட்டர்.

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜைக்கடியில் மண்டி போட்டிருந்த மெக்கானிக் தலையைத் தூக்கினார். இருபது வருஷத்தில் சிஸ்டம் ஏறவில்லை என்று அவர் கைவிட்ட மெஷின் ஒன்றுகூடக் கிடையாது.

எதிர் பெஞ்சில், ஒரு கன்னம் மட்டும் பூசணிக்காயாய் வீங்கிய பெரியவர் வாய் நிறையப் பஞ்சோடு அவரையே வெறித்துக்கொண்டிருந்தார். பாவம், அவருடைய எக்ஸ்ரே இந்த மெஷினில்தான் வர வேண்டும். அது வராமல் எந்தப் பல்லைப் பிடுங்குவதென்று டாக்டருக்கே தெரியாது.

"டிஸ்க் பழசாம்மா?"

"புதுசு சார். இன்னிக்குக் காலையிலதான் மாட்டினது," என்றாள் வரவேற்புப் பெண்.

"எந்த மடையன் மாட்டினான்? ஒரு ஸ்க்ரூகூட ஒழுங்கா முடுக்கலை!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரு மெக்கானிக்தான் சார்."

ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நடுவில் அவர் நிமிர்ந்து பார்த்தபோது, கேள்வி கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: "கரண்ட் எதுவும் போகலை சார்."

அதைத்தான் கேட்கவிருந்தார். முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

இந்த முறை நூறு வந்துவிட்டது. திரை பெயர் கேட்டது. 'டாக்டர்' என்று அடித்தார்.

'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.'

"இன்னும் யாரும் குடியே வராத வீட்டுல எவன்டா அது?"

சின்ன வயதில் எல்லோரும் தன்னைக் கூப்பிட்ட பட்டப்பெயரை அடித்தார்: 'சுண்டெலி'.

ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

நெற்றி வியர்த்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பெயரை அடித்தார்: 'புறாக்குட்டி'.

ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

மூலைக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டார். "நான் உன்னை எப்படிக் கூப்பிடுவேன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஐயோ, யார்கிட்டயும் சொல்லலை, சொல்லலை, சொல்லலை! இதையே எத்தனை தடவைங்க கேப்பீங்க?"

போன் வைக்கப்பட்டது. மனைவிகள் எரிந்து விழுவது புதிதல்ல என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

கடைசி வழி, பையில் இருந்த இன்னொரு புது டிஸ்க். உறை கிழிந்திருந்தது. கடைக்காரனைத் திட்டிக்கொண்டே மாட்டி, மெஷினை உயிர்ப்பித்தார். வெறும் டிஸ்க்குக்குப் பேசத் தெரியாது. இது பேசியது. மேஜைக்கடியிலிருந்தே அவர் எட்டிப் பார்க்க, திரையில் மூன்று பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. டாக்டர். சுண்டெலி. புறாக்குட்டி.

"யம்மா!" என்று அவர் துள்ளியதில் மேஜை இடித்து மண்டை புடைத்தது. கால் தட்டிப் பிரிண்டர் சரிந்தது. உள்ளேயிருந்து டாக்டர் எட்டிப் பார்த்து, ரொம்ப மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேம்மா," என்று முனகிவிட்டு மெக்கானிக் வெளியே ஓடினார்.

நல்ல வெயில். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தன் ஸ்கூட்டரைப் பிடித்தபடி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சு சீரானது. பயம் கரைந்தது. மனசு துடைத்துவிட்ட பலகையாய்ப் பளிச்சென்று ஆனது. மண்டை மட்டும் ஏனோ வலித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உற்சாகமாகக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தார்.

"வணக்கம்மா! ஏதோ கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுன்னு போன் பண்ணியிருந்தீங்களே, எங்கே இருக்கு அது?"

வரவேற்புப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

பெஞ்சிலிருந்த பெரியவர் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். "தம்பி, காலையிலேர்ந்து நீங்க முதல் தடவையா வர்றது இது ஆறாவது தடவை!"